உப்புமாவுக்கும் ஒரு மெட்டு இருக்கு, வாத்தியாரே!

வாத்தியாரே, வண்டியை ஓரங்கட்டிட்டு ஒரு நிமிசம் நின்னுட்டுப் போரும். உம்ம பள்ளிக்கூடத்துக்குப் பட்டணத்துப் பாட்டுக்காரவுக வாறாவளாமே! கீபோர்டு, கித்தாரு, மைக்செட்டு எல்லாம் வருதாம். மூணாப்பு, நாலாப்புப் பிள்ளைக சொந்தமாப் பாட்டுக் கட்டி, மெட்டுப் போட்டு, பதிவு பண்ணப் போறாவளாம். டீக்கடையிலே இதே பேச்சுதான். கேட்டதும் எனக்குச் சந்தோசம். ஆனா உம்ம சட்டைப் பையிலே ஒரு தாளு இருந்துச்சாம். மேலே ‘மாணவர்களே இயற்றிய பாடல்’னு தலைப்பு, முழுக்க உம்ம கையெழுத்து. அதைக் கேட்ட பெறவுதான் உம்மை மறிக்கணும்னு தோணிச்சு.

நான் அஞ்சாப்போடு நின்னவன். வில்லுப்பாட்டுலே குடம் அடிச்சுப் பொழைச்சவன். உமக்கு யோசனை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. தகுதி இல்லாதவன்தானே வே அச்சன்புதூர்லே யோசனை சொல்லுதான்? நானும் சொல்லிட்டுப் போறேன்.

முதல்லே பாட்டைக் கெடுக்க வழி சொல்லுதேன், அதுலே நீரு பாதி தூரம் போயிட்டீரு. முதல் வரி ‘மரம் நடுவோம், மழை பெறுவோம்’னு வச்சிரும். ரெண்டாவது வரியிலே கையைக் கழுவச் சொல்லும். மூணாவதுலே பிளாஸ்டிக்கை ஒழிச்சிரும். கடைசியிலே தாய்மொழி, தாய்நாடு, தாய் தகப்பன் மூணையும் வரிசையா நிறுத்திட்டா, வட்டாரக் கல்வி அலுவலரு எந்திரிச்சு நின்னு கை தட்டுவாரு. பிள்ளைக? அதுகளுக்கு என்ன, எது சொன்னாலும் பாடும். நாளைக்குக் காலையிலே மறந்துரும்.

மழையைப் பெறுதது எப்படின்னு இந்தப் பிள்ளைகளுக்கு நீரு சொல்லித் தரணுமாக்கும்! ஆனி, ஆடியிலே சாரல் வந்து பைக்கட்டுக்குள்ள இருக்க நோட்டு வரைக்கும் நனைக்க ஊரு. மேக்கரையிலே அடவிநயினார் அணை 132 அடி. அது நெறைஞ்சு வழியுதுன்னு கேள்விப்பட்டா அப்பன் வண்டியிலே முன்னாலே ஏறிப் போயிப் பாத்துட்டு வாற பிள்ளைக இதுக. ஒரு குடைக்குள்ள மூணு பேரு நொழைஞ்சா யாரு முதுகு நனையும்னு அதுகளுக்குத் தெரியும். அதைக் கேளும், பாட்டு வரும். ‘மழைநீர் சேகரிப்பு’ன்னு கேட்டீருன்னா கொட்டாவி வரும்.

பிள்ளைக வாயிலே பாட்டு வராதுன்னு உமக்குப் பயம். இந்த மண்ணுலே அந்தப் பயம் ஆகாது வே. தென்காசிக்கும் குத்தாலத்துக்கும் நடுவிலே மேலகரம் இருக்குல்லா? திரிகூடராசப்பக் கவிராயர் ஊரு. குத்தாலநாதர் மேலே குறவஞ்சி பாடினவரு. சாமியை மட்டுமா பாடினாரு? மலையிலே குரங்கு என்னென்ன சேட்டை பண்ணுதுன்னு ஒக்காந்து கவனிச்சுப் பாடினாரு. மதுரை நாயக்கரு அதுக்கு நிலம் குடுத்தாரு, அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடுன்னே பேரு. உம்ம நாலாப்புப் பையன் சன்னல் வழியாக் குரங்கைப் பாத்து ரெண்டு வரி சொன்னா நீரு என்ன குடுப்பீரு? மண்டையிலே ஒரு குட்டு!

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை எடுத்துக்கிடும். சங்கரன்கோவில் பக்கத்து ஆளு. 1865-லே பொறந்து 1891-லே போய்ச் சேந்தாரு. மொத்தமே 26 வயசு. இப்போ அந்த வயசுலே நம்ம பயலுக வேலைக்கு மனுப் போட்டுக்கிட்டு இருக்கான். ஊத்துமலை ஜமீன் இருதயாலய மருதப்பத் தேவரு அவரைக் கூட வச்சு ஆதரிச்சாரு. கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போறவனுக்கு வழிநடைப் பாட்டாக் காவடிச்சிந்தைக் கட்டினாரு. அதுலே உள்ள சூட்சுமம் என்னன்னா, தோளிலே பாரம் ஏத்தினவன் கால் என்ன தாளத்துலே தரையைத் தொடுதோ, அந்தத் தாளத்து மேலே சொல்லைத் தூக்கி வச்சாரு. கால்தான் முதல்லே, சொல்லு பெறவுதான். அதனாலேதான் ரோட்டுலே காவடி தூக்குதவனும் பாடுதான், சபாவிலே பட்டுச்சேலை கட்டினவுகளும் பாடுதாவ.

உம்ம பிள்ளைக காலையிலே வாய்க்கா வரப்புலே வாறதைப் பாத்திருக்கீரா? பை முதுகுலே குலுங்குது. ரெண்டு எட்டு நடை, பெறவு ஒரு குதி. மறுபடி ரெண்டு எட்டு, ஒரு குதி. பைக்குள்ள ஸ்கேலும் டப்பாவும் ஒண்ணோடொண்ணு இடிச்சு ஓசை குடுக்குது. தாளம் அங்கேயே தயாரா இருக்கு. வாற தம்பிமாருகிட்ட நீரு சொல்ல வேண்டியது ஒண்ணுதான்: கீபோர்டுலே பொத்தானை அமுக்கி ஒரு தாளத்தை ஓட விட்டுட்டு ‘இதுக்குப் பாடுங்க குட்டீஸ்’னு சொல்லக் கூடாது. பிள்ளைக நடைக்குத்தான் கீபோர்டு வரணும். அந்தக் ‘குட்டீஸை’யும் கீழே வச்சிட்டு வரச் சொல்லும், ஒவ்வொண்ணுக்கும் பேரு இருக்கு.

பாப்பாவுக்குப் பாட்டெழுதின பாரதி 1918 கடைசியிலேருந்து 1920 வரைக்கும் நம்ம கடையத்துலேதான் இருந்தாரு, செல்லம்மா பொறந்த ஊர்லே. கவிமணி எழுதினாரு, அழ. வள்ளியப்பா எழுதினாரு. எல்லாம் பெரியவுக, பிள்ளைகளுக்காக எழுதினது. குத்தமில்லே, அதைப் பாடித்தான் நாமளும் வளந்தோம். ஆனா நாங்குநேரி நா. வானமாமலை நாட்டுப்பாட்டைச் சேத்து 1964-லே போட்ட புத்தகத்துலே விளையாட்டுப் பாட்டும் இருக்கு. அதை எழுதினது யாரு? பேரு கிடையாது. சடுகுடுலே மூச்சு விடாமப் பாடிக்கிட்டே போயி ஆளைத் தொட்டுட்டு வாறானே, அதை எந்தக் கவிராயரு வந்து எழுதிக் குடுத்தாரு? மூக்கு ஒழுகுத பயதான் வே எழுதினான். மூச்சு எம்புட்டோ வரி அம்புட்டுன்னு அவனுக்கு யாப்பு தெரிஞ்சிருந்துச்சு.

சரி, விசயத்துக்கு வாறேன். போன வாரம் உம்ம பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு ஓரமாப் போனேன். காலைச் சாப்பாட்டு நேரம். இந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-லே மதுரையிலே தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-லேருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்துட்டுல்லா? நாலஞ்சு பிள்ளைக தட்டைக் கவுத்துப் போட்டுத் தாளம் போட்டுக்கிட்டுப் பாடுதுக:

திங்கக்கிழமை உப்புமா
சாம்பார் இன்னும் ஊத்தும்மா!

நான் அப்படியே நின்னுட்டேன். கூட இருந்த ஒரு பொட்டப்பிள்ளை, முன்பல்லு ஆடிக்கிட்டு இருக்கு, அது சேத்துக்கிட்டுது:

புதன்கிழமை பொங்கலு
ஆடுது என் முன்பல்லு!

இதைக் கேட்டா நீரு என்ன பண்ணுவீருன்னு எனக்குத் தெரியும். ‘சாம்பார் பத்தலேன்னு மேலிடத்துலே அர்த்தம் பண்ணிட்டா வம்பு’ன்னு முதல் வரியை அழிப்பீரு. ‘பொங்கலுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம், அர்த்தமே இல்லையே’ன்னு ரெண்டாவதை அழிப்பீரு. அழிச்சிட்டு, ‘காலை உணவு நம் சொத்து, கட்டாயம் தருமே சத்து’ன்னு ஒண்ணை எழுதி வச்சிட்டு மீசையைத் தடவுவீரு. ஏன் வே, பல்லு ஆடுதவனுக்குப் பொங்கல்தானே சௌகரியம்? மெல்லவே வேண்டாமே! அம்புட்டுப் பெரிய அர்த்தத்தை அது ரெண்டே வரியிலே சொல்லிட்டுது. உமக்குத்தான் பல்லு கெட்டியா இருக்கதாலே புரியலே.

இனிமே பாட்டுக்காரன் வேலையைச் சொல்லுதேன், குடம் அடிச்சவன் சொல்லுதேன்னு கேட்டுக்கிடும். அந்த வரியைப் பிள்ளையைப் பாடச் சொல்லக் கூடாது. பேசச் சொல்லணும். நாலு தரம் பேசச் சொன்னா, ‘உப்புமா’ன்னு முடிக்கையிலே குரல் கீழே எறங்கும். சலிப்பு! ‘ஊத்தும்மா’ன்னு கேக்கையிலே மேலே ஏறும். கெஞ்சல்! ஏத்தமும் எறக்கமும் அங்கேயே கிடக்கு, அதுதான் மெட்டு. வந்தவரு அதைக் காதுலே வாங்கி, ‘இதா, இதா?’ன்னு ரெண்டு சுரத்தை வாசிச்சுக் காட்டணும். பிள்ளை ‘அது இல்லே, முந்தினது’ன்னு சொல்லும். அது சொல்லுதது சரியா இருக்கும். அந்த இடத்துலேதான் தொழில் தெரிஞ்சவன் வேணும். உம்மாலேயும் என்னாலேயும் அதைப் பிடிச்சு நிறுத்த முடியாது, மறுநாள் அது வேற மெட்டா ஆயிரும். அவரு பிடிச்சு எழுதி வச்சிருவாரு. வரி நீளமாயிட்டா எங்கே மூச்சு வாங்கலாம்னு சொல்லுவாரு. திரும்பத் திரும்ப வாறதுக்கு எந்த வரி தோதுன்னு கேப்பாரு. கேக்கணும், தீர்மானம் பண்ணக் கூடாது.

சுருதி விசயத்துலே மட்டும் பெரியவுக கண்டிப்பா இருக்கலாம். நம்ம ஆம்பளை வாத்தியாருமாரு ஒண்ணு, ஒண்ணரைக் கட்டையிலே ஆரம்பிச்சிட்டு, பிள்ளைகளைக் கூடப் பாடச் சொல்லுதாவ. அதுக குரலு அஞ்சு கட்டைப் பக்கம் நிக்கும். கீழே எட்டாம முனகும், இல்லேன்னா மேலே போயிக் கத்தும். உடனே ‘இந்தப் பிள்ளைக்குப் பாட்டு வராது’ன்னு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொமந்துக்கிட்டு அறுவது வயசு வரைக்கும் வாயைத் தொறக்காத ஆளுக நம்ம தெருவிலேயே இருக்காவ. பிள்ளை எங்கே பேசுதோ அங்கே சுருதியை வையும்.

இதையெல்லாம் வெள்ளைக்காரனும் யோசிச்சிருக்கான், பேரன் போன்லே காட்டினான். ஜெர்மனியிலே கார்ல் ஓர்ஃப்னு ஒரு இசைக்காரரு. பிள்ளைகளுக்குன்னு பட்டை பட்டையா அடுக்கின வாத்தியம் பண்ண வச்சாரு, பட்டையைக் கழட்டி மாட்டலாம். முதல்லே ம-வுக்கும் நி-க்கும் உள்ள பட்டையைக் கழட்டி வச்சிருவாவளாம். மிச்சம் ச, ரி, க, ப, த. நம்ம மோகனம்லா! அந்த அஞ்சுலே எதை எப்படித் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. பிள்ளை தப்பா அடிக்கதுக்கு வழியே இல்லாமப் பண்ணிட்டாரு மனுசன். இங்கே தப்பா அடிச்சா வாத்தியத்தைப் பிடுங்கி பீரோவிலே வச்சுப் பூட்டிருதோம்.

இங்கிலாந்துலே பெஞ்சமின் பிரிட்டன்னு இன்னொருத்தரு. 1958 ஜூன்லே ஆர்ஃபோர்டுங்கிற ஊரு சர்ச்சிலே, நோவா கப்பலோட்டின கதையைப் பிள்ளைகளை வச்சு நடத்தினாரு. அதுலே மழை வரணும். என்ன பண்ணினாவ தெரியுமா? டீக் குடிக்க கோப்பைகளைக் கயித்துலே வரிசையாக் கட்டித் தொங்கவிட்டு, மரக்கரண்டியாலே தட்டச் சொன்னாவ. முதல் சொட்டு, ரெண்டாவது சொட்டு, பெறவு சடசடன்னு. உலகத்துப் பெரிய சங்கீதக்காரரு, மழைக்குக் கோப்பையைத் தேடிப் போயிருக்காரு. உம்ம பள்ளிக்கூடத்துலே சத்துணவுத் தம்ளரு எத்தனை கிடக்கு? சாரல் வாற ஊர்ப் பிள்ளைகிட்டக் குடுத்துப் பாரும். சாரலுக்கு ஒரு தட்டு, கோடை மழைக்கு ஒரு தட்டு, ஐப்பசி அடைமழைக்கு ஒரு தட்டுன்னு மூணும் வேற வேறயாத் தட்டிக் காட்டும். அந்த வித்தியாசம் பிரிட்டனுக்கே தெரிஞ்சிருக்காது.

ஆனா அதுக்கு இசை அமைச்சது பிரிட்டன்தான், பிள்ளைக இல்லே. பிள்ளைகளே கட்டுததுக்கு டில்லிக்குப் போகணும். அங்கே ‘மியூசிக் பஸ்தி’ன்னு ஒரு அமைப்பு, 2008-லே ஃபெய்த் கான்சால்வெஸ்னு ஒரு பொண்ணு தொடங்கினது. ஆதரவில்லாத பிள்ளைக, இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைக இருக்க இடத்துக்குத் தொழில்முறைப் பாட்டுக்காரவுகளைக் கூட்டிட்டுப் போயி, கூட ஒக்காந்து சொந்தப் பாட்டுக் கட்ட வைக்காவ. நம்ம பக்கம் ஏ.ஆர். ரகுமான் வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமா வயலின், செல்லோ எல்லாம் சொல்லிக் குடுத்து சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவே நடத்துதாரு. ரெண்டும் நல்லதுதான். ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஒண்ணு வாசிக்கக் கத்துக் குடுக்கது, இன்னொண்ணு உனக்குள்ள என்ன கிடக்குன்னு கேக்கது.

கவர்மெண்டும் சும்மா இல்லே. 2022-லேருந்து கலைத் திருவிழா நடத்துதாவ, 2024-25-லே ஒண்ணாப்பு வரைக்கும் கொண்டு வந்துட்டாவ. சந்தோசம். பாடுத பிள்ளைக்குப் பரிசு குடுக்கதோட, தானே கட்டின பாட்டுக்கும் ஒரு தனி இடம் குடுக்கட்டும். இன்னொண்ணும் இருக்கு. 2012-லே பகுதிநேரச் சிறப்பாசிரியருன்னு 16,549 பேரை எடுத்தாவ, அப்போ மாசம் 5,000 ரூவா. ஓவியம், உடற்கல்வி, தையல், இசை. அதுவும் ஆறாப்புலேருந்து எட்டாப்பு வரைக்கும்தான். அஞ்சாப்பு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு? வாய்ப்பாடும் நீருதான், வந்தனமும் நீருதான், பாட்டும் நீருதான். பாட்டு எந்த வயசுலே ஒட்டுமோ அந்த வயசுலே பாட்டு வாத்தியாரு கிடையாது. இதுக்கு உம்மைக் குத்தம் சொல்லி என்ன பண்ண?

அதனாலேதான் சொல்லுதேன், மெட்ராசுலேருந்து மட்டும் ஆளு வரணும்னு காத்துக் கிடக்க வேண்டாம். தொழில்முறை இசைக்காரன்னா கித்தாரு மாட்டினவன் மட்டுமா? நையாண்டி மேளக்காரன் இருக்கான். கோயில் கொடை இல்லாத மாசத்துலே அவன் தவிலு மூலையிலே தூங்குது. வில்லுப்பாட்டு இருக்கு. நம்ம சத்திரம் புதுக்குளத்து சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-லே பத்மஸ்ரீ குடுத்தாவள்ளா? அந்த வித்தைதான். பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டு அளவுக்குத் தோதான வடிவம் கிடையாதுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். ஒரு பிள்ளை ஒரு வரி சொல்லும், கூட இருக்கதுக ‘ஆமா!’ன்னு போடணும். அடுத்த வரி தோணலேன்னா ‘ஆமா’வை நீட்டலாம், அதுக்குள்ள வரி வந்துரும். கூச்சப்படுத பிள்ளையும் ‘ஆமா’ போட வாயைத் தொறந்துதான் ஆகணும். தொறந்த வாயி பெறவு மூடாது. நாங்க எத்தனை கதையை இப்படி நடுச்சாமத்துலே ஒப்பேத்தியிருக்கோம் தெரியுமா!

பேரு விசயத்துலே ஏமாந்துராதிரும். பாட்டு நல்லா வந்துட்டுன்னு வச்சுக்கிடும். யூடியூப்லே போடுவாவ. இசை இன்னாரு, ஒலிப்பதிவு இன்னாரு, தயாரிப்பு இன்னாரு, ஒருங்கிணைப்பு நீரு. பிள்ளைக? ‘மற்றும் குழுவினர்’. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டைக் கட்டினவன்தான் ஆசிரியன், அதுக்கு வயசு வரம்பு கிடையாது. கட்டினவன் காலம் முடிஞ்ச பெறவும் 60 வருசத்துக்கு அந்த உரிமை நிக்கும். ஏழு வயசுலே உப்புமாப் பாட்டுக் கட்டினவ எம்பது வயசு வரைக்கும் நல்லா இருந்தா, மொத்தம் 133 வருசம். அது வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கணும்னு நாம வேண்டிக்கிடுவோம். முதல் வரியிலேயே பிள்ளைக பேரைப் போடச் சொல்லும். அப்பன் ஆத்தாகிட்டயும் வெளிப்படையாப் பேசி எழுத்துலே சம்மதம் வாங்கிக்கிடும். உம்ம பேரு கடைசியிலே சின்ன எழுத்துலே வந்தாப் போதும். வருத்தமாத்தான் இருக்கும், தாங்கிக்கிடும்.

ஆண்டு விழாவுக்குப் பத்து நாளு இருக்கையிலே பாட்டுக்காரவுகளைக் கூப்பிட்டா பிள்ளை பாட்டுக் கட்டாது, ஒப்பிக்கத்தான் செய்யும். ஜூன்லே பள்ளிக்கூடம் தொறந்ததும் கூப்பிடும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும், தீவாளிக்குள்ள நாலு பாட்டு சேந்துரும். குடம் அடிக்க ஆளு வேணும்னா நான் வீட்டுலே சும்மாதான் இருக்கேன். பஸ் காசும் ஒரு டீயும் போதும்னு மட்டும் நெனைச்சிராதிரும், கித்தாருக்காரத் தம்பிக்கு என்ன குடுக்கீரோ அதையே எனக்கும் குடும்.